கருத்துப்போன ஈசிஜி

அந்தக் காகிதம் கருத்துப்போனதற்கு நான்தான் காரணம். இதை எழுதும்போதும், பழியில் பாதியையாவது வேறு யார் தலையிலாவது போட முடியுமா என்று மனசு தேடத்தான் செய்கிறது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் தலையில் போடலாம். ஆனால் அவரிடம் காகிதத்தை நீட்டி, "நல்லா கெட்டியா போடுங்கண்ணே, தண்ணி உள்ள போவக் கூடாது" என்று சொன்னது நான்.

அது என் அக்காவின் இதயத் துடிப்பை வரைந்த ஈசிஜி. கூடவே ஒரு சீட்டு. விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் இதய டாக்டருக்கு எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தது.

அக்காவுக்கு ஓமந்தூர் பக்கம் ஒன்றரைக் காணி நிலம். மாமா போய்ச் சேர்ந்த பிறகு அவளே, எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிறாள், கேப்பை போடுகிறாள், இரண்டு மாடு வைத்திருக்கிறாள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். நான் எந்த ஊரிலும் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் தங்காதவன். லாரியில் கிளீனராக இருந்திருக்கிறேன், போர்வெல் வண்டியில் குழாய் மாட்டியிருக்கிறேன், நெல்லூரில் ஒரு ஓட்டலில் மாவாட்டியிருக்கிறேன். வேலை அலுத்தால் கிளம்பிவிடுவேன். வந்து சேரும் இடம் அக்கா வீடு. சோறு போடுவாள், சாப்பிட்டு முடிக்கும்வரை திட்டுவாள். அந்த முறை நான் வந்திருந்தபோதுதான் அவள் மயங்கி விழ ஆரம்பித்தாள்.

முதல் தடவை கொல்லையில் களை வெட்டும்போது. வெயில் என்றாள். இரண்டாம் தடவை ரேஷன் கடை வரிசையில். நெற்றியில் அடிபட்டு ரத்தம் வந்தது. காலையில் சாப்பிடவில்லை என்றாள். மூன்றாம் தடவை நான் பக்கத்தில் நின்றிருந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே என்னை ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். திட்டு பாதியில் நின்றது. ஸ்விட்சை அணைத்த மாதிரி இருந்தது. நின்ற இடத்திலேயே கால் மடங்கிச் சரிந்தாள். கண் மேலே போய்விட்டது. நான் பத்து வரை எண்ணியிருப்பேன். பிறகு கண் திறந்து, "இன்னாடா முழிச்சிகினு நிக்கிற, மாட்டப் புடி" என்றாள். விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

உடனே ஷேர் ஆட்டோ பிடித்துத் திண்டிவனம் கூட்டிப் போனேன். அங்கே ஒரு சந்துக்குள் ஒற்றை அறை கிளினிக். டாக்டருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். காய்ச்சல், தேள்கடி, வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்கும் சுற்றுவட்டாரத்தில் அவர்தான். பேச்சு குறைவு. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, "நீ எண்ணு" என்றார். அந்தம்மா எண்ணினார், தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் எண்ணினார். எண்ணியதை நோட்டில் எழுதினார்.

ஈசிஜி மிஷினிலிருந்து காகிதம் கிர்ரென்று வெளியே வந்தது. டாக்டர் அதைப் படித்தபடியே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் எழுந்து நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இதயத்துல மேல் அறை ஒழுங்கா அடிக்குது. அதோட சேதி கீழ் அறைக்குப் போவல. கீழ அது பாட்டுக்கு மெதுவா அடிச்சிகினு கெடக்கு. அப்பப்ப நிக்கிது. நிக்கிறப்பதான் இந்தம்மா வுழுது" என்று என்னிடம் சொன்னார். "இன்னைக்கே விழுப்புரம் போங்க. பேஸ்மேக்கர்னு ஒரு சின்ன மிஷின் இருக்கு, அத வெக்கணும். நாளைக்கு நாளைக்குன்னு தள்ளுனா ஒரு தடவ வுழுந்தவங்க எழுந்திரிக்க மாட்டாங்க. ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?"

படுக்க வைத்திருந்த அக்காவுக்குப் பத்து நிமிஷத்தில் தலைச்சுற்றல் தெளிந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்துகொண்டு, "ஆம்புலன்ஸெல்லாம் வேணாம் சார், நாங்களே போயிக்கிறோம்" என்றாள். டாக்டர் சீட்டு எழுதினார். ஈசிஜியை அதோடு பின் அடித்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவள் ஊர்ப் பக்கம் போகும் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

"இன்னாக்கா, டாக்டரு இன்னா சொன்னாரு?"

"சாயங்காலம் பாலு யார்ரா கறப்பா, நீ கறப்பியா? ஒன்னக் கண்டாலே மாடு ஒதைக்கும். காலையில மொதல் பஸ்ஸுக்குப் போலாம், வா."

நான் அவளோடு சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அவள் நல்லாத்தானே நடக்கிறாள் என்று தோன்றியது.

மறுநாள் காலை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வண்டிக்கு நிற்கும்போது தூறல் போட்டது. என் சட்டைப் பையில் இருந்த சீட்டின் ஓரம் நனைந்தது. அதை உருவிக்கொண்டு எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன்.

அதற்குக் காரணம் உண்டு. நான் எட்டாவது பாஸ். அதற்கு ஒரே சாட்சி பள்ளிக்கூடத்தில் கொடுத்த டிசி. பதினாறு வயதில் லாரி ஏறியபோது அதைத் துணிப் பைக்குள் வைத்திருந்தேன். ஓங்கோல் தாண்டி ஒரு ராத்திரி மழையில் பை ஊறி, டிசி கூழாகிவிட்டது. பிற்பாடு கனரக லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் எட்டாவது படித்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். இல்லை. வண்டி ஓட்டத் தெரிந்தும் கிளீனராகவே கிடந்தேன். அன்றிலிருந்து முத்திரை விழுந்த எந்தக் காகிதம் என் கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது லேமினேஷன் கடையைத்தான். ஆதார், ரேஷன் கார்டு, மாமாவின் இறப்புச் சான்று, எல்லாம் என்னால் பிளாஸ்டிக் ஆனவை.

கடையில் சீட்டு முன்பக்கம் தெரிய, ஈசிஜி பின்பக்கம் தெரிய வைத்து மிஷினுக்குள் விட்டார்கள். மறுபக்கம் சூடாக வெளியே வந்தது. சீட்டு அப்படியே பளபளவென்று இருந்தது. திருப்பினால், ஈசிஜி இருந்த இடத்தில் தார் ஊற்றிய மாதிரி ஒரே கருப்பு.

கடைக்காரர் பயந்துவிட்டார். "இது சூடு பட்டா கருத்துப்போற பேப்பரு போலக்கீதுண்ணா. ஏடிஎம் சீட்டு மாதிரி. நான் கவனிக்கல."

நான் அவரோடு சண்டை போடவில்லை. எழுத்தும் முத்திரையும் இருந்தது சீட்டில்தான். அது பத்திரமாக இருக்கிறது. கோடு கோடாக இருந்த காகிதம் போனால் என்ன, பெரிய ஆஸ்பத்திரியில் வேறு எடுப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அக்காவிடம் காட்டவில்லை. அதிலேயே தெரிகிறது, உள்ளுக்குள் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது.

விழுப்புரத்தில் வரிசை நீளமாக இருந்தது. ஓபி சீட்டு வாங்கி, இதயப் பிரிவு எந்த மாடி என்று விசாரித்து, பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்காவுக்கு அந்தப் பக்கம் மரக்காணம் கடலோரக் குப்பத்து அம்மா ஒருவர். புருஷனுக்கு நெஞ்சு வலி, உள்ளே வார்டில் சேர்த்திருந்தார்கள். கால் மணி நேரத்தில் இரண்டு பேரும் மீன் விலையிலிருந்து மருமகள் வரை பேசி முடித்துவிட்டார்கள். நான் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு பாதியில் நிற்கிறதா என்று.

இதய டாக்டர் சின்ன வயசுக்காரர். கண்ணில் தூக்கமே இல்லை. முதலில் புதிதாக ஒரு ஈசிஜி எடுக்கச் சொன்னார். அதைப் பார்த்தார், அக்காவின் நாடியைப் பிடித்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"இப்ப எடுத்ததுல பெருசா ஒண்ணும் இல்லியேம்மா. ரத்தம் கம்மியா இருக்கு. வெயில்ல வேலை செய்றீங்களா?"

"செய்யாம, சோறு யாரு சார் போடுவா?"

"அங்க எடுத்த ஈசிஜி எங்க?"

நான் பிளாஸ்டிக்கை நீட்டினேன். அவர் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னண்ணே இது?"

"நனையாம இருக்கட்டும்னு..." என்றேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரியவில்லை. "கருப்பாத்தான் சார் இருக்கும் என் நெஞ்சு. இவன வளத்தவ ஆச்சே" என்றாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. சீட்டை என் பக்கம் திருப்பினார்.

"இதப் படிங்க. இங்கிலீஷ் படிப்பீங்களா?"

எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இரண்டு வரிதான் இருந்தது. இதய மருத்துவரிடம் அனுப்பப்படுகிறார், ஈசிஜி இணைக்கப்பட்டுள்ளது, ஆவன செய்யவும். கீழே கையெழுத்து, முத்திரை.

"அவரு எதப் பாத்துட்டு அனுப்புனாருன்னு இதுல இருக்கா? நாடி எவ்வளவு? மயக்கம் வந்த நேரத்துல எடுத்ததா? ஒண்ணும் எழுதல. நீங்க சொல்றத வெச்சி, இங்க ஒரே ஒரு பெட் இருக்கு மானிட்டரோட, அதுல இவங்களப் படுக்க வெச்சேன்னு வைங்க. வாசல்ல அறுபது பேரு நிக்கிறாங்க. அதுல யாருக்கு நான் இல்லன்னு சொல்றது?"

"சேதி கீழ் அறைக்குப் போவலன்னு சொன்னாரு சார். நிக்கிதுன்னு சொன்னாரு."

அவர் பேனாவை வைத்தார். "அப்படிச் சொன்னாரா? அப்படின்னா அது பெரிய விஷயம். அது வந்து வந்து போவும், எப்பவும் இருக்காது. அதனாலதான் அவரு எடுத்தது எனக்கு வேணும். இல்ல, பாத்தத எழுதிக் குடுக்கட்டும், போன்லயாவது பேசட்டும். நான் ரெண்டு மணி வரைக்கும் இங்க இருப்பேன். அது வரைக்கும் அந்த பெட்ட யாருக்கும் தரல. அம்மா இங்கயே பெஞ்சுல உக்காரட்டும். மயக்கம் வந்தா கத்துங்க, ஓடி வர்றோம்."

மணி பத்தேமுக்கால்.

வெளியே வந்து கிளினிக்குக்குப் போன் போட்டேன். நர்ஸம்மா எடுத்தார். "டாக்டரு ஒரு பக்கவாதக் கேசு பாக்க கிராமத்துக்குப் போயிருக்காருப்பா. போனு டேபிள் மேலயே கெடக்கு. பன்னெண்டு மணிக்கு வருவாரு. வந்தா கூட்டம் மொய்ச்சிக்கும், போன்ல புடிக்க முடியாது. நேரா வந்துடு."

அக்காவை விட்டுவிட்டுப் போக வேண்டும். வேறு ஆள் இல்லை. குப்பத்து அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, என் நம்பரை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன்.

"போய்ட்டு வா தம்பி. ஒங்க அக்காளப் புடிச்சிகினு குந்தியிருக்கேன். வுழுந்தா என் மேலதான் வுழணும்."

"ஆளாளுக்கு என்னப் புடிச்சிக்கினா நான் இன்னா திருடியா?" என்றாள் அக்கா. "ஜல்தி வாடா. மாட்டுக்கு மத்தியானம் தண்ணி காட்டணும்."

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நான் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றது. முன்னால் ஏதோ லாரிக்கும் கேட்காரருக்கும் தகராறு. அப்போது கையில் இருந்த போன் அடித்தது. யார் என்றுகூடப் பார்க்காமல் எடுத்தேன். போர்வெல் முதலாளி. "இன்னாப்பா, எப்ப வர்ற? வண்டி கடப்பாவுக்குக் கெளம்புது." அவர் மீது எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பாவம், அவர் என்ன செய்தார். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பார்க்கும் ஒவ்வொரு தடவையும், இப்போது அங்கே அவள் பேசிக்கொண்டிருக்கிறாளா என்று நினைத்தேன்.

கிளினிக் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷம். டாக்டர் வரவில்லை. பன்னிரண்டு இருபதுக்கு வந்தார். வரிசையில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். நான் அவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து பிளாஸ்டிக்கை மேஜையில் வைத்தேன்.

"யார்யா இத லேமினேஷன் பண்ணது?"

"நான்தான் சார்."

"மூளை இருக்கா ஒனக்கு?"

"இல்ல சார். அங்க அவங்க ஈசிஜியில இப்ப ஒண்ணும் தெரியலியாம். நீங்க பாத்தத எழுதிக் குடுத்தா பெட் தர்றேங்கறாரு. ரெண்டு மணி வரைக்கும்தான் இருப்பாராம்."

"நான்தான் எழுதிக் குடுத்தேனே."

எனக்கு அவரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அந்தப் பக்கத்தில் யாருக்குமே இல்லை. ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "ரெண்டு வரிதான் சார் இருக்கு. எதுக்கு அனுப்புனீங்கன்னு அதுல இல்லியாம்" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. என்னை வெளியே போகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முன்னல்லாம் பக்கம் பக்கமா எழுதி அனுப்புவேன். போனவங்க திரும்பி வந்தா, அங்க இன்னா சொன்னாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. ஒரு பதில் வந்ததில்ல எனக்கு. ஒரு வரி வந்ததில்ல. படிக்கிறாங்களா, கசக்கிப் போடறாங்களான்னே தெரியாது. சரி எதுக்கு எழுதணும்னு நாலு வரியாச்சு. அப்புறம் ரெண்டு வரியாச்சு." இதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஈசிஜிதான் கூட இருக்கே, கண்ணிருந்தா பாத்துக்கட்டும்னு நெனச்சேன்."

"அந்த டாக்டரு படிக்கிறாரு சார்" என்றேன்.

அவர் நர்ஸம்மாவைப் பார்த்தார். அந்தம்மா ஏற்கெனவே முந்தின நாள் நோட்டைப் பிரித்து வைத்திருந்தார். தான் எண்ணியது தப்போ என்ற சந்தேகத்தில் இரண்டு தரமும் எண்ணியதை நேரத்தோடு குறித்திருந்தார். முதலில் முப்பத்து நாலு. அடுத்து முப்பத்திரண்டு.

டாக்டர் ஒரு முழுத்தாளை எடுத்தார். எழுதினார். வெளியே ஒரு குழந்தை அலறிக்கொண்டிருந்தது, ஒருவர் கதவைத் தட்டினார். அவர் நிறுத்தவில்லை. மூன்று தடவை மயங்கி விழுந்ததை என்னிடம் மறுபடியும் கேட்டு எழுதினார். எத்தனை நொடி, விழும் முன் ஏதாவது சொன்னாளா, கை கால் இழுத்ததா. நடுவில் கட்டங்கள் போட்டு, ஈசிஜியில் தான் பார்த்ததை ஞாபகத்திலிருந்து கோடாக வரைந்தார். கடைசியில் தன் நம்பரை எழுதினார். நர்ஸம்மா நோட்டின் பக்கத்தை என் போனில் படம் பிடித்துக் கொடுத்தார்.

"போனு என் பையிலயே இருக்கும். கூப்பிடச் சொல்லு. ஓடு" என்றார் டாக்டர்.

திரும்பி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குள் நான் நுழைந்தபோது மணி ஒன்றே முக்கால். மாடிக்கு இரண்டிரண்டு படியாக ஏறினேன். பெஞ்சில் அக்கா இல்லை.

குப்பத்து அம்மா மூட்டையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். உலுக்கினேன். விழித்து, பக்கத்தில் தடவிப் பார்த்து, "ஐயோ, இங்கதான தம்பி குந்தியிருந்தா!" என்று எழுந்து நின்றார்.

கக்கூஸ் பக்கம் ஓடினேன். அந்தம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்றார். ஈசிஜி எடுக்கும் அறையில் இல்லை. மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர்க் குழாய் அருகே, மரத்தடியில் படுத்திருந்தவர்களையெல்லாம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எங்கேயாவது விழுந்து கிடந்து, குடித்துவிட்டுக் கிடக்கிறாள் என்றோ தூங்குகிறாள் என்றோ ஜனங்கள் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார்களோ என்று நினைத்தேன். விழுந்தால் பத்து எண்ணுவதற்குள் எழுந்தாள் அன்று. இன்று எத்தனை எண்ண வேண்டியிருக்குமோ.

வெளி கேட்டில், ரோட்டோரம், பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னாக்கா பண்ற?"

"பாவம் அந்தம்மா தூங்கிட்டா. எழுப்ப மனசு வரல. ஊருக்குப் போய் மாட்டப் பாத்துட்டு நாளைக்கு வர்லாம்னு..."

"நேத்தும் இதத்தான் சொன்ன!" நான் ரோட்டில் நின்று கத்தினேன். வாழ்க்கையில் அவளைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை. "வுழுந்தா ஏந்திரிக்க மாட்டியாம், தெரியுமா? மாடு செத்தா வேற மாடு வாங்கிக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "ஏறுறீங்களா இல்லியா?" என்றார். அக்கா அவரிடம், "போய்க்கினே இரு. இங்க குடும்ப சண்ட நடக்குது" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

சின்ன டாக்டர் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அறையைப் பூட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். தாளைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். கோடு வரைந்திருந்த இடத்துக்கு வந்ததும் ஹெல்மெட்டை மேஜை மேல் வைத்தார். நோட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். போன் போட்டார். திண்டிவனத்து டாக்டர் முதல் மணி அடித்ததுமே எடுத்தார். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். இவர் "சார், சார்" என்று சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது.

போனை வைத்துவிட்டு, "அம்மா, நீங்க இனி எங்கயும் நடக்கக் கூடாது" என்றார். சக்கர நாற்காலி வந்தது.

அன்று சாயங்காலம் முழுக்க மானிட்டரில் பச்சைக் கோடு ஒழுங்காக ஓடியது. எனக்கு அதுவும் பயமாக இருந்தது. ஒன்றுமே இல்லை என்று காலையில் அனுப்பிவிட்டால்? மாட்டைப் பக்கத்துக் கொல்லைக்காரரிடம் போனில் சொல்லி ஒப்படைத்தேன். அவர் பால் எவ்வளவு கறந்தார் என்று அக்கா மூன்று தடவை கேட்டாள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். குப்பத்து அம்மா, புருஷனுக்கு வாங்கிய இட்லியில் மிச்சத்தைக் கொண்டுவந்திருந்தார். அக்கா, மல்லாட்டைச் சட்னி எப்படி அரைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மொதல்ல வறுத்து தோல ஊதிட்டு, அப்புறம்..." என்றவள் நின்றாள்.

மானிட்டரில் கோடு நேராக ஓடியது. மணி அடித்தது. நர்ஸ் ஓடிவந்து அக்காவின் நெஞ்சில் கை வைத்தார். யாரோ என்னைப் பின்னால் இழுத்தார்கள். சின்ன டாக்டர் எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. ஊசி, கட்டிலைத் தள்ளும் சத்தம், கதவு. வெளியே நானும் குப்பத்து அம்மாவும் நின்றோம். அந்தம்மாவின் கையில் இன்னும் இட்லிப் பொட்டலம் இருந்தது.

அரை மணி கழித்து டாக்டர் வெளியே வந்தார். கழுத்து வழியாக ஒரு கம்பியை இதயத்துக்குள் விட்டிருப்பதாகவும், அது இப்போதைக்குத் துடிக்க வைக்கும் என்றும், இரண்டு மூன்று நாளில் நிரந்தர மிஷின் வைத்துவிடலாம் என்றும் சொன்னார். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பிளாஸ்டிக்கில்.

"வீட்டுல இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

அவர் கையில் இருந்த நீளமான காகிதத்தைக் காட்டினார். மானிட்டரிலிருந்து எடுத்தது. "உங்க டாக்டரு கையால வரைஞ்சாரே, அதேதான்" என்றார்.

மிஷின் வைத்த மூன்றாம் நாள் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். கருத்துப்போனது கடையில்தான், அதைத் தெரிந்துகொண்டே அவளிடம் மறைத்தேன் என்று. அவள் தையல் போட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நல்ல வேள, மாமாவ எரிச்சோம். இல்லன்னா அவருக்கும் லேமினேஷன் போட்டிருப்ப" என்றாள். அவள் சிரித்தால் தையல் வலித்தது. அதனால் என்னைத் திட்டினாள்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று சின்ன டாக்டர், திண்டிவனத்துக்கு என்று தனியாக ஒரு கடிதம் கொடுத்தார். என்ன கண்டார்கள், என்ன செய்தார்கள், இனி எதைக் கவனிக்க வேண்டும், எல்லாம். மடித்து மட்டும் கொண்டு போனேன். எங்கள் டாக்டர் அதைப் படித்தார். வரிசையில் இருபது பேர் இருக்கும்போதே இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு நர்ஸம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அதன்பிறகு அவர் யாரை அனுப்பினாலும் முழுத்தாள்தான் என்று கேள்வி. "ஒரு லெட்டருக்குக் கால் மணி நேரம், கூட்டம் என்னத் தின்னுது. எல்லாம் ஒன்னாலதான், ஒரே பேஜாரு" என்று நர்ஸம்மா என்னைப் பார்த்தால் சொல்வார். எழுதியதையும் ஈசிஜியையும் போட்டோ எடுத்து முன்கூட்டியே அனுப்பிவைப்பது அந்தம்மாவின் வேலையாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் பதில் வருவதில்லையாம். சிலதுக்கு வருகிறதாம்.

நான் இரண்டு மாதம்கூட ஊரில் இருக்கவில்லை. போர்வெல் வண்டி திரும்பி வந்தபோது ஏறிவிட்டேன். இப்போது கர்னூல் பக்கம் இருக்கிறோம். தினமும் சாயங்காலம் அக்கா போன் செய்கிறாள். நாடியைத் தினமும் ஒரு நிமிஷம் எண்ணச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தனியாக எண்ணினால் தப்பாகிவிடுகிறது என்று, போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சத்தமாக எண்ணுகிறாள். நான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

"ஆரம்பிக்கட்டுமா?"

"ம்."

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

இங்கே வண்டி பாறையைக் குடைந்துகொண்டிருக்கும். நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய் நிற்பேன். நாற்பதைத் தாண்டும்போது அங்கே மாடு கத்தும். அவள் அதை அதட்டப் போய் எண்ணிக்கையை விட்டுவிடுவாள். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவாள்.